தாத்தாவும் ஆச்சியும் வந்தால்

ஆண்டுக்கு இருமுறை, வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நிற்பது வழக்கம். முதலில் இறங்குவது ஒரு துணிப்பை. அதனுள் முறுக்கும் அதிரசமும் இருக்கும். அடுத்து இறங்குபவர் ஆச்சி. கடைசியாக, முழங்காலைத் தடவிக்கொண்டே தாத்தா இறங்குவார். அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்திலும் புகைவண்டியிலுமாக வந்த களைப்பு இருவர் முகத்திலும் தெரியும். ஆனால் கதவோரம் நின்று எட்டிப் பார்க்கும் பேரனையும் பேத்தியையும் கண்டவுடன் அக்களைப்பு எங்கோ போய்விடும்.

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய தமிழர் வீடுகள் பலவற்றிலும் இக்காட்சி நிகழ்கின்றது. வந்தவர்கள் பத்து நாள் இருப்பார்கள். அப்பத்து நாட்களில் அவர்களையும் குழந்தைகளையும் எங்கெங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி எழும். அது மிகச் சிறிய கேள்வியாகவே தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அது அவ்வளவு சிறிய கேள்வி அன்று என்பதை நாங்கள் அறிந்துகொண்ட வகையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் மகனுக்கு ஆறு வயது. மகளுக்கு மூன்று. இருவரும் இவ்வூரிலேயே பிறந்தவர்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். தெருவில் விளையாடும்போது பேசுவதும் மலையாளமே. நாங்கள் வீட்டில் தமிழில் பேசினால் அவர்களுக்கு நன்றாகப் புரியும். ஆனால் விடை மலையாளத்தில் வரும். நாங்கள் இதைப் பெரிதாக எண்ணவில்லை. மலையாளம் இனிய மொழி. வாழும் ஊரின் மொழியைக் குழந்தைகள் தம் மொழியாகக் கொள்வது நல்லதே.

ஆயினும் ஒருநாள் ஆச்சி தொலைபேசியில் பேரனை அழைத்தபோது, அவன் இரண்டு சொல் பேசிவிட்டுக் கருவியை எங்கள் கையில் திணித்து ஓடிவிட்டான். ஆச்சி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவன் சொல்றது எனக்கு வெளங்கல, நான் சொல்றது அவனுக்குக் கூச்சமா இருக்கு போல” என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் எங்கள் உள்ளத்தில் தைத்தது. பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்க வேண்டிய நிலை வந்துவிட்டால், பிறகு உறவில் எஞ்சுவது பெயர் மட்டுமே அன்றோ?

ஆதலின், சென்ற ஆண்டு அவர்கள் வந்தபோது குறையைத் தீர்த்துவிட வேண்டும் என்று துணிந்தோம். துணிந்தவர்கள் செய்யும் முதல் தவற்றையே நாங்களும் செய்தோம். ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்தினோம். விடியுமுன் புறப்பட்டு, பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம், கன்னியாகுமரி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிடத் திட்டமிட்டோம்.

மூன்றும் காணத்தக்க இடங்களே. பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் பழைய தலைநகர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனால் அங்குள்ள அரண்மனையை இன்றும் பேணி வருவது கேரள அரசு. நிலம் ஒரு மாநிலத்திலும் வீடு மற்றொரு மாநிலத்தின் பொறுப்பிலும் இருக்கும் அவ்விடம், இரு மொழிக்கும் நடுவே வாழும் நம் போன்றோர்க்கு ஏற்ற இடமே எனலாம். ஆனால் அதன் மரப்படிகள் செங்குத்தானவை. நிலைகள் தாழ்வானவை. தாத்தா முதற்கூடத்திலேயே திண்ணையில் அமர்ந்துவிட்டார். சிறுமியோ பளபளக்கும் கருந்தரையில் உருள விரும்பினாள். அவளைப் பிடித்திழுப்பதிலேயே ஒரு மணி நேரம் கழிந்தது. சுசீந்திரத்தில் அவளுக்கு வயிறு புரட்டியது. கன்னியாகுமரியில் படகுக்கு நீண்ட வரிசை நின்றது. 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையைக் கரையிலிருந்தே கும்பிட்டுவிட்டு அமர்ந்தோம். கதிரவன் கடலில் மறைந்தபோது குழந்தைகள் இருவரும் வண்டியில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து வீடு திரும்பியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது.

மறுநாள் பேத்திக்குக் காய்ச்சல். தாத்தாவின் முழங்கால் வீங்கியிருந்தது. ஆச்சி அடுப்படியில் நின்றுகொண்டு மெல்லச் சொன்னார்: “ஊரைப் பாக்கவா வந்தோம்? பிள்ளைகளைப் பாக்கத்தானே வந்தோம்.”

அந்த ஒரு சொல்லே எங்களுக்குப் பாடமாயிற்று. நாங்கள் அழைத்துச் சென்ற அந்த நீண்ட பயணத்தில், தாத்தாவும் பேரனும் தம்முள் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அதற்கு இடமே இருக்கவில்லை. நாள் முழுவதும் ஒன்றாக இருந்தும், ஒருவரோடு ஒருவர் இருக்கவில்லை.

அதன் பின்னர் முறையை மாற்றினோம். ஒரு நாளுக்கு ஓர் இடம். அதுவும் அண்மையில் உள்ள இடம். மொத்தம் இரண்டு மணி நேரம். இவ்வளவுதான் நாங்கள் வகுத்துக்கொண்ட விதி. மூன்று வயதுக் குழந்தையின் காலும் எழுபத்தைந்து வயது முதியவரின் காலும் ஒரே வேகத்தில் நடப்பவை. இருவரும் பத்தடிக்கு ஒருமுறை நிற்பார்கள். குழந்தை எறும்பைப் பார்க்க நிற்கும். முதியவர் மூச்சுவாங்க நிற்பார். இடையில் அவசரப்படுகிறவர்கள் நாம் மட்டுமே. நாம் சற்றுப் பின்தங்கி நடந்தால் அவ்விருவரும் தாமே ஒருவருக்கு ஒருவர் துணையாகிவிடுவர்.

முதலில் உயிர்க்காட்சிச்சாலைக்குச் சென்றோம். திருவனந்தபுரத்து அருங்காட்சியகம் 1857-லும், அதனை ஒட்டிய உயிர்க்காட்சிச்சாலை 1859-லும் தொடங்கப்பெற்றவை. இந்தியாவின் பழமையான விலங்குக்காட்சிச்சாலைகளுள் இது ஒன்று. நகரின் நடுவே, முதிர்ந்த மரங்களின் நிழலில், மேடும் பள்ளமுமாக அமைந்த இடம். மேடு இருப்பதால் முதியோரை அழைத்துச் செல்வோர் காலை வேளையிலேயே செல்ல வேண்டும். அப்போது வெயிலும் இராது. விலங்குகளும் விழித்து நடமாடும். திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். நாங்கள் ஒருமுறை திங்களன்று சென்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள்.

முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்று நாங்கள் இம்முறை எண்ணவில்லை. நீர்யானை இருக்கும் குளத்தருகே நெடுநேரம் நின்றோம். அங்கேதான் ஒரு வழக்கு எழுந்தது. பேரன், “நீர்க்குதிர!” என்று கூவினான். தாத்தா, “இதுவா குதிரை? நல்லாப் பாருடா, இது நீர்யானை” என்றார். மலையாளத்தில் அவ்விலங்கிற்கு நீர்க்குதிரை என்று பெயர், தமிழில் நீர்யானை. ஆங்கிலப் பெயரின் கிரேக்க வேரும் ஆற்றுக்குதிரை என்றே பொருள்படும். ஆகவே கிரேக்கரும் மலையாளிகளும் ஒரு கட்சி, தமிழர் ஒரு கட்சி என்றாயிற்று. அதன் உடலைப் பார்த்து யானை என்பதா, அதன் காதைப் பார்த்துக் குதிரை என்பதா என்று தாத்தாவும் பேரனும் வாதிட்டார்கள். வாதத்தின் சூட்டில் பேரன் தன்னை அறியாமலே தமிழுக்கு மாறினான். “யானைன்னா தும்பிக்கை எங்க?” என்று அவன் கேட்டான். தாத்தாவிடம் விடை இல்லை. தோற்றவர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சியை நாங்கள் அதற்குமுன் கண்டதில்லை.

குழந்தைக்குத் தமிழ் கற்பிக்க வேண்டும் என்று ஒரு பலகையை முன்வைத்து அமர்ந்தால் குழந்தை ஓடிவிடும். வெல்ல வேண்டிய வழக்கு ஒன்று இருந்தால், எந்த மொழியில் வாதிட்டால் எதிரிக்குப் புரியுமோ அந்த மொழியை அது தானே எடுத்துக்கொள்ளும். இவ்வுண்மையை எங்களுக்கு உணர்த்தியது அந்த நீர்யானையே.

அருகிலேயே உள்ள நேப்பியர் அருங்காட்சியகக் கட்டடம் 1880-இல் நிறைவெய்தியது. அதனை அமைத்தவர் சென்னைச் செனட் மண்டபத்தைக் கட்டிய சிஷோம் என்பவரே. செனட் மண்டபத்தின் எதிரே இளமையில் நின்றிருந்த ஒரு தாத்தாவுக்கு, இங்கே அதே கைவண்ணத்தைப் பார்ப்பது பழைய நண்பரைச் சந்திப்பது போலாகும். உள்ளே செல்ல இயலாவிட்டாலும் கவலையில்லை. தோட்டத்தில் அமர இடமுண்டு. பேத்தி புல்லில் ஓட, ஆச்சி அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதும் உலாவே.

மற்றொரு நாள் கோட்டைப் பகுதிக்கு நடந்தே சென்றோம். வலியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகச் சென்றால் கிழக்கேகோட்டை தொலைவில்லை. இக்கடைத்தெருவைத் தமிழ் இலக்கியத்தில் இடம்பெறச் செய்தவர் ஆ. மாதவன். 1934-இல் பிறந்து 2021-இல் மறைந்த அவர் இத்தெருவிலேயே கடை வைத்திருந்தவர். இத்தெருவின் மக்களையே கதைமாந்தர் ஆக்கியவர். இங்கே தமிழும் மலையாளமும் ஒரே தராசில் நிறுக்கப்படும். ஆச்சி கத்தரிக்காய்க்கு விலை கேட்டபோது கடைக்காரர் நெல்லைத் தமிழிலேயே விடை கூறினார். பேரன் வியந்து நின்றான். தமிழ் தன் வீட்டிற்குள் மட்டும் பேசப்படும் ஒரு மறைமொழி என்று அதுவரை அவன் எண்ணியிருந்தான் போலும்! கடைவீதியில் அறியாத ஒருவர் அதைப் பேசக் கேட்டதும் அம்மொழிக்கு அவன் கண்ணில் ஒரு மதிப்பு உண்டாயிற்று.

பத்மநாப சுவாமி கோயிலின் எதிரே மேத்தன் மணி என்னும் பழைய கடிகாரம் ஒன்று உண்டு. தாடி வைத்த ஒரு முகம்; இருபுறமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது அம்முகம் வாய் திறக்கும். ஆடுகள் வந்து கன்னங்களில் முட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த பொறி இது. அடுத்த மணிக்காகக் காத்திருப்பதே குழந்தைகளுக்குத் திருவிழா. காத்திருக்கும் நேரம் முழுவதும் கதை கேட்கும் நேரம். அண்மையில் குதிரைமாளிகை என்னும் அரண்மனை உள்ளது. சுவாதித் திருநாள் மன்னர் கட்டியது. அதன் இறவாரத்தைத் தாங்குவனபோல மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணிப் பார்க்கத் தொடங்கிய பேரன் முப்பதில் குழம்பிவிட்டான். தாத்தா தமிழில் எண்ணிக் கொடுத்தார்.

கோயிலுக்குள் செல்வோர் ஆடைமுறை அறிந்து செல்ல வேண்டும். ஆண்கள் வேட்டி உடுத்தி, மேற்சட்டையின்றிச் செல்வது வழக்கம். இம்முறை நம் முதியவர்களுக்குப் புதிதன்று. புதிதாக இருப்பது நமக்கே. அறிதுயில் கொண்ட பெருமாளை மூன்று வாயில்கள் வழியே காணலாம். ஒன்றில் திருமுகம், ஒன்றில் உந்தி, ஒன்றில் திருவடி. கூட்டம் மிகுந்த நாளில் சிறு குழந்தைகளோடு வரிசையில் நிற்பது துன்பம். கூட்டம் குறைந்த நாளையும் வேளையையும் முன்னரே கேட்டறிந்து செல்வது நலம்.

சங்குமுகக் கடற்கரைக்கும் ஒரு மாலை சென்றோம். அண்மை ஆண்டுகளில் கடலரிப்பினால் அக்கரை மிகவும் குறுகிவிட்டது. அலையும் வலியது. ஆதலின் குழந்தைகளை நீரில் இறங்கவிடாமல், கானாயி குஞ்ஞிராமன் வடித்த கடற்கன்னிச் சிற்பத்தருகே அமர்ந்தோம். ஆண்டிற்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்தே இக்கரைக்கு வருகின்றது. அப்போது சில மணி நேரம் விமானங்கள் பறப்பதில்லை. “சாமிக்காக விமானம் நிக்குமா?” என்று பேரன் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டான்.

முதியோர் வருகைக்கு ஏற்ற பருவம் எது என்று கேட்டால், நவராத்திரி என்போம். அப்போது தெய்வங்களே குமரி மாவட்டத்திலிருந்து இங்கே விருந்தாக வருகின்றன. பத்மநாபபுரத்துச் சரசுவதி யானைமீதும், வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையிலும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை பல்லக்கிலும் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றங்கரையிலும் தங்கி, எல்லையில் இரு மாநிலக் காவலரின் மரியாதையோடு இந்நகர் வந்து சேர்வர். குமாரசுவாமி தங்குமிடம் எங்கள் வீட்டிற்கு அண்மையிலுள்ள ஆரியசாலை. விழா முடிந்ததும் மூவரும் ஊர் திரும்பிவிடுவர். “தாத்தாவும் ஆச்சியும் போல” என்றாள் எங்கள் மகள்.

இறுதியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மிகவும் பயன்பட்ட உலா, ஒரு காசும் செலவில்லாதது. வலியசாலையின் அருகே கிள்ளியாறு ஓடுகின்றது. கரமனை ஆற்றில் சென்று கலக்கும் சிற்றாறு அது. இன்று அது மெலிந்தும் மாசுற்றும் கிடக்கின்றது. தாமிரபரணியில் நீந்தி வளர்ந்த தாத்தா அதைப் பார்த்துப் பெருமூச்செறிந்தார். ஆனால் அந்த ஆற்றிற்கு ஒரு கதை உண்டு. அதைச் சொன்னவர் ஆச்சி. மதுரையை எரித்த கண்ணகி, கொடுங்கல்லூருக்குச் செல்லும் வழியில் இவ்வூரில் தங்கினாள் என்பது மரபு. கிள்ளியாற்றங்கரையில் ஒரு முதியவர் முன் சிறுமியாகத் தோன்றி, ஆற்றைக் கடக்க உதவுமாறு அவள் கேட்டாளாம். அக்கண்ணகியே ஆற்றுகாலில் கோயில் கொண்டிருப்பதாக மக்கள் நம்புகின்றனர். பொங்கலையன்று வலியசாலைத் தெருக்களிலும் அடுப்புகள் நிறையும். 2009-ஆம் ஆண்டுப் பொங்கலையில் 25 லட்சம் பெண்கள் கலந்துகொண்டதைக் கின்னஸ் நூல் பதிவு செய்தது.

பாலத்தின்மேல் நின்றுகொண்டு ஆச்சி இக்கதையைத் தமிழில் கூறினார். நாங்கள் சற்று விலகி நின்றோம். மொழிபெயர்க்க எங்களை அழைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். யாரும் அழைக்கவில்லை. கதை முடிந்ததும் பேரன் ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பிள்ளை தமிழ்ப் பிள்ளையா ஆச்சி? இங்கே வந்து எப்படிப் பேசிச்சு?” என்று கேட்டான்.

ஆச்சி சிறிது எண்ணிப் பார்த்தார். “தமிழ்லதான்யா கேட்டிருப்பா. அந்தத் தாத்தா தலையாட்டியிருப்பாரு. அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துட்டாள்ல” என்றார்.

அன்றுமுதல் அவன் முற்றிலும் தமிழிலேயே பேசுகிறான் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. இன்றும் பாதிச் சொற்கள் மலையாளமே. ஆனால் தொலைபேசி மணி அடித்தால் ஓடுவதில்லை. “நீர்க்குதிரை எப்படி இருக்கு?” என்று ஆச்சியே வம்புக்கு இழுக்கிறார். “நீர்யானை, ஆச்சி!” என்று அவன் திருத்துகிறான். கட்சிகள் எப்போது மாறின என்பது எங்களுக்கே தெரியவில்லை.

நேயர்களே, நீங்கள் மும்பையில் இருக்கலாம்; தில்லியில் இருக்கலாம். பெங்களூரில் இருந்தால் ஐதர் அலி தொடங்கிய லால்பாக் உண்டு. கொல்கத்தாவில் இருந்தால் 1876-இல் திறந்த அலிப்பூர் உயிர்க்காட்சிச்சாலை உண்டு. இடம் எதுவாயினும் சில செய்திகளை நினைவிற்கொள்ளுங்கள். புறப்படுமுன் கழிப்பிடம் எங்குள்ளது என்று கேட்டு வையுங்கள். முதியோர் வாய்விட்டுக் கேட்க நாணுவர். தண்ணீரும், தின்பண்டமும், உரிய மருந்தும், குடையும் கையிலிருக்கட்டும். “களைப்பாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், “இல்லை” என்றே சொல்வார்கள். அமர ஓர் இடம் கண்டு முதலில் நீங்கள் அமருங்கள், அவர்களும் அமர்வர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு நீங்கள் கடைக்குப் போய்விடாதீர்கள். அதே நேரத்தில், அவர்கள் பேசும்போது இடையில் புகுந்து விளக்கம் சொல்லாதீர்கள். படம் எடுப்பதையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் விரைவில் முடிந்துவிடும். இம்முறை புகைவண்டி நிலையத்தில் தாத்தா சன்னலோரம் அமர்ந்திருந்தார். 1981-இல் நாகர்கோவில் வழி இருப்புப்பாதை திறக்கப்படும் வரை, நெல்லையிலிருந்து புகைவண்டியில் வருவோர் செங்கோட்டை, கொல்லம் என்று சுற்றி வர வேண்டியிருந்ததைப் பேரனுக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது. பேரன் சில அடி உடன் நடந்தான்.

“அடுத்த தடவை நான் உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன் தாத்தா” என்றான்.

எந்த இடம் என்று தாத்தா கேட்பதற்குள் வண்டி விரைந்துவிட்டது. எங்களிடமும் அவன் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம்.